பாலாற்றிலிருந்து கண்டிக்கு: நாடு கடத்தப்பட்ட ஓர் அரசனின் வழியே இலங்கைப் பயணம்

இலங்கை சென்று திரும்பியபின் நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்டனர்: ஒரு வாரத்தில் பார்க்கத் தகுந்தவை யாவை? சிகிரியாக் குன்று, தம்புள்ளைக் குகைகள், கண்டித் தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, நுவரெலியாவின் தேயிலை மலைகள், காலிக் கோட்டை, யால காட்டின் சிறுத்தைகள் என்று எந்தப் பயண முகவரும் தரும் பட்டியலை நானும் தந்திருக்கலாம். ஆனால் என் பயணம் கொழும்பில் தொடங்கவில்லை, வேலூரில் தொடங்கியது. அதைச் சொல்லாமல் கண்டியைப் பற்றி மட்டும் எழுதுவது பாதிக் கதையை எழுதுவதாகும். ஆகவே இப்பதிவு சற்று நீளும், பொறுத்தருள்க.

என் ஊர் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலை. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்துக்கு அடுத்த நிலையம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் பாதிக் கன்னடம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். நந்தி மலையில் பிறக்கும் பாலாறு கர்நாடகத்தைக் கடந்து எங்கள் குப்பம் வட்டாரத்தில் சுமார் 33 கிலோமீட்டர் ஓடி, பின்பு தமிழ்நாட்டில் நுழைகிறது. "ஓடி" என்று எழுதியது வழக்கம் பற்றியே. பெரும்பாலான மாதங்களில் மணல்தான் கிடக்கும். அதே ஆறு வேலூரைத் தொடும் இடத்தில், கரையோரமாக, ஓர் எளிய மண்டபம் இருக்கிறது. பெயர் முத்து மண்டபம். தமிழ்நாடு அரசு 1990இல் எழுப்பியது. உள்ளே கண்டி இராச்சியத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறையும் அவன் குடும்பத்தார் சிலரின் கல்லறைகளும் உள்ளன. அவன் இறந்தது 1832 ஜனவரி 30. அன்று வேலூரும் எங்கள் ஊர் அடங்கிய கங்குந்தி ஜமீனும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. அதாவது அவன் எங்கள் மாவட்டத்தில் இறந்தவன்.

ஆண்டுதோறும் ஜனவரி இறுதியில் சமூக ஊடகங்களில் ஒரு வரி சுற்றி வரும்: "கண்டியை ஆண்ட கடைசித் தமிழ் மன்னன்". சிங்கள நண்பர்கள் சிலர் இதற்கு எதிராக இன்னொரு வரியை வைப்பர்: "நாயக்கர்கள் அந்நியர்கள்; எங்களை ஒடுக்கியவர்கள்". முதல் வரியை எழுதுவோர் அவனது முன்னோர் தெலுங்கு பேசிய வடுகர் என்பதை மறைக்கின்றனர். இரண்டாம் வரியை எழுதுவோர் அந்த 'அந்நியன்' என்ற சொல்லுக்கு அரசுமுத்திரை குத்தியது யார் என்பதைக் கேட்பதில்லை. மூன்று மொழிக்கு நடுவில் வாழ்பவனுக்கு இவ்விரு வரிகளும் நெருடும். கண்டிக்கு நான் சென்றது இந்த நெருடலோடுதான்.

கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து கண்டிக்குத் தொடர்வண்டியில் ஏறுங்கள்; பேருந்து வேண்டாம். 1867இல் கண்டிவரை எட்டிய இப்பாதையில் ரம்புக்கனையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் கிடுகிடு பள்ளம். கீழே படிப்படியாக வயல்கள். பள்ளத்தாக்குக்கு அப்பால் பத்தலேகல என்னும் தட்டையான குன்று நிற்கிறது. ஆங்கிலேயர் அதற்கு 'விவிலியப் பாறை' என்று பெயரிட்டுச் சென்றனர். கடுகண்ணாவையைத் தாண்டும்போதுதான், இந்த மலைநாடு போர்ச்சுகீசியரையும் ஒல்லாந்தரையும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எப்படி வெளியே நிறுத்தி வைத்தது என்பது கண்ணுக்குப் புலப்படும். கடற்கரை முழுவதும் பறிபோன பின்னும் கண்டி தனியரசாக நின்றது. மழையும் அட்டையும் காய்ச்சலும் கணவாய்களும் அதன் படைகளில் பாதி.

அந்தக் கண்டி அரியணைக்கு மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எவ்வாறு ஏறினர்? படையெடுத்து வரவில்லை, மணம் முடித்து வந்தனர். கண்டியரசர்கள் தங்கள் பட்டத்தரசிகளை மதுரை நாயக்கர் மரபினரிடம் பெண்ணெடுத்துக் கொள்ளும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டிலேயே வேரூன்றிவிட்டது. உள்ளூர்ப் பிரபுக் குடும்பம் ஒன்றில் பெண்ணெடுத்தால் மற்றக் குடும்பங்கள் பகைக்கும். கடல்தாண்டி எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. சத்திரியக் குலம் என்ற தகுதியும் கிடைக்கும். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசியிடம் மகப்பேறின்றி இறந்தான். சிங்களப் பிரபுகுலப் பெண் ஒருத்தியிடம் அவனுக்குப் பிறந்த உனம்புவே என்ற மகன் இருந்தான். ஆனால் அவனை ஒதுக்கிவிட்டு, அரசியின் தம்பியை ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் அரியணை ஏற்றினர். ஏற்றியவர்கள் கண்டிப் பிரபுக்களும் பிக்குகளுமே. அதன்பின் கீர்த்தி ஸ்ரீ, இராஜாதி, ஸ்ரீ விக்கிரமன் என மேலும் மூவர். 1815 வரை நால்வர், 76 ஆண்டுகள்.

அந்த 76 ஆண்டுகளின் கைவண்ணத்தைத்தான் இன்று நாம் கட்டணம் செலுத்திப் பார்க்கிறோம். இதைக் கண்டியில் நின்று எண்ணிப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. தலதா மாளிகையின் முகப்பில், அகழியோரத்தில், எல்லாப் படங்களிலும் வரும் எண்கோண மண்டபம் பத்திரிப்புவ. அதைக் கட்டியது ஸ்ரீ விக்கிரமன். தச்சன் தேவேந்திர மூலாச்சாரி. அரசன் அங்கிருந்து குடிகளுக்குத் தோற்றம் தந்தான். இன்று அது ஓலைச்சுவடி நூலகம். மாளிகைக்கு எதிரே கண்டி ஏரி. இயற்கை ஏரி என்று நினைத்துப் படம் எடுப்போர் பலர். வயல்வெளியாக இருந்த இடத்தில் அணைகட்டி அவனே உருவாக்கியது. 1807இல் தொடங்கிய வேலை. கரையில் முகில்வடிவ வளைவுகளோடு செல்லும் வெள்ளைச் சுவரையும் அவனே எழுப்பத் தொடங்கினான். அது முடியும் முன் அவன் ஆட்சி முடிந்தது. மரத்தூண்களில் நுண்ணிய செதுக்கல் நிறைந்த மகுல் மடுவ என்னும் அரசவை மண்டபம் இராஜாதி ராஜசிங்கன் தொடங்கி, பின்னவன் முடித்தது. மாளிகைக்குப் பின்னால் நகர் நடுவே அடர்ந்து நிற்கும் உடவத்தகலைக் காடு அரண்மனைக்குரிய தடைசெய்யப்பட்ட வனம். மகாவலி ஆறு வளைத்துச் செல்லும் பேராதனையில் 1821இல் ஆங்கிலேயர் தாவரவியல் பூங்காவை முறைப்படி நிறுவுமுன்னர் கீர்த்தி ஸ்ரீயின் அரச நந்தவனம் இருந்தது.

கீர்த்தி ஸ்ரீயைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இலங்கையில் முறைப்படி உபசம்பதை பெற்ற பிக்குகளே இல்லாமற்போய், துறவு மரபு அறுந்து கிடந்த காலம் அது. வெலிவிட்ட சரணங்கரர் என்ற துறவியின் விடாமுயற்சியும் இவனது ஆதரவும் சேர்ந்து, ஒல்லாந்தர் கப்பலில் சியாமிலிருந்து உபாலி தேரர் தலைமையில் பிக்குகள் வந்து 1753இல் கண்டியில் மரபைப் புதுப்பித்தனர். இன்று இலங்கையின் மிகப் பெரிய பௌத்த நிகாயமான சியாம் நிகாயத்தின் தொடக்கம் இதுவே. எசல பெரஹராவில் புத்தரின் தந்தத்தாது பேழை யானைமேல் முதலில் செல்ல, அதன்பின் நாத, விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய தேவாலயங்களின் ஊர்வலங்கள் தொடரும் ஒழுங்கும் இவன் காலத்தது. அதற்கு முன் அது முதன்மையாகத் தேவர்களின் விழா. பத்தினி என்பவள் நம் கண்ணகியே. எங்கள் வட்டாரத்தில் யானை என்றால் இரவோடு இரவாக நெல்லையும் தோட்டத்தையும் மிதித்துச் செல்லும் கூட்டம் என்று பொருள். அங்கே விளக்குச் சட்டை போர்த்தித் தாமரைப்பூத் தூவி நடத்துகின்றனர். நிற்க.

இதே கீர்த்தி ஸ்ரீயைக் கொல்ல 1760இல் ஒரு சதி நடந்தது. சதியில் பிரபுக்களும் இருந்தனர். அவனால் உயர்வு பெற்ற துறவிகளும் இருந்தனர். அவர்கள் மனத்தை உறுத்தியவற்றுள் ஒன்று, அரசன் நெற்றியில் திருநீறு பூசினான் என்பது. சதி வெளிப்பட்டது, பிரபுத் தலைவன் கொல்லப்பட்டான், துறவிகளை அரசன் கொல்லவில்லை, சிறைவைத்துப் பின் விடுவித்தான். தம்புள்ளையில் மூன்றாம் குகையான மகா அலுத் விகாரைக்குள் நுழைந்தால் வாயிலருகே கைகூப்பி நிற்கும் அவன் சிலையைக் காணலாம். அந்தக் குகைகளில் இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி அவன் காலத்துத் திருப்பணி. வழிகாட்டிகள் கி.மு. முதல் நூற்றாண்டு வலகம்பா மன்னனைப் பற்றி நெடுநேரம் பேசுவர். இந்தச் சிலையைக் கையால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவர். அவனுக்குப் பின்வந்த தம்பி இராஜாதி ராஜசிங்கன் 'அசதிஸ தா காவ்ய' என்ற சிங்களக் கவிதை நூலையே இயற்றினான். வந்த வீட்டின் மொழியில் காவியம் எழுதும் அளவுக்குக் கலந்தவனை எந்தச் சொல்லால் அழைப்பது? தமிழன் என்றா, வடுகன் என்றா, சிங்களவன் என்றா?

ஸ்ரீ விக்கிரமனைப் புனிதனாக்குவது என் நோக்கமன்று. கண்ணுசாமி என்ற இளைஞனாக, ஏறத்தாழ 18 வயதில், பிலிமத்தலாவ என்ற முதன்மை அதிகாரின் சூழ்ச்சியால் 1798இல் அரியணை ஏறியவன் அவன். பொம்மையாக இருப்பான் என்று ஏற்றியவனையே பின்னர்க் கொன்றான். ஏரி வெட்டியது இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பால். விளைச்சல் காலத்திலும் குடிகள் மண் சுமந்தனர். அதிகார் எஹெலப்பொல ஆங்கிலேயர் பக்கம் ஓடியபோது, 1814இல் அவனுடைய மனைவி மக்களுக்கு நேர்ந்ததைப் படிக்கையில் கை நடுங்கும். சிறுவர்கள் பொதுவிடத்தில் வெட்டப்பட்டனர். தாய் போகம்பறைக் குளத்தில் அமிழ்த்திக் கொல்லப்பட்டாள். மூத்தவன் அஞ்சியபோது இளையவன் முன்வந்து கழுத்தை நீட்டினான் என்று இன்றும் சிங்களச் சிறுவர்கள் பள்ளியில் படிக்கின்றனர். 1821இல் வெளியான ஜோன் டேவியின் நூல் இக்கொடுமையை விரிவாக வருணிக்கிறது. டேவி ஆங்கிலப் படை மருத்துவர், வென்றவர் தரப்பினர். ஆகவே அவர் தரும் ஒவ்வொரு விவரத்தையும் அப்படியே ஏற்பதற்கில்லை. கணநாத ஒபயசேகர 2017இல் எழுதிய நூல், இந்த அரசனின் கொடுங்கோன்மைச் சித்திரத்தில் எவ்வளவு ஆங்கில உளவுத்துறையின் தூரிகை என்பதை விரிவாக ஆராய்கிறது. ஆனால் ஒபயசேகரவைப் படித்தபின்னும் அந்தச் சிறுவர்களின் மரணம் மரணமாகவே நிற்கிறது. நம்மவர் என்று உரிமை கொண்டாடுவோர் இதையும் சேர்த்தே கொண்டாட வேண்டியிருக்கும்.

கண்டித் தேசிய அருங்காட்சியகம் பழைய அந்தப்புரக் கட்டடத்தில் இயங்குகிறது. தலதா மாளிகையின் கூட்டத்தில் பாதிகூட இங்கு வருவதில்லை. நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். காரணம், 1815 மார்ச் 2ஆம் நாள் மகுல் மடுவத்தில் படித்து அறிவிக்கப்பட்ட கண்டி உடன்படிக்கையின் படி. மொத்தம் 12 பிரிவுகள். பௌத்த சமயத்தைக் காப்போம் என்ற ஐந்தாம் பிரிவை எல்லோரும் அறிவர். எனக்கு வேண்டியவை இரண்டும் மூன்றும். 'மலபார் இனம்' கண்டியை ஆளும் உரிமை அழிக்கப்பட்டது என்கிறது இரண்டாம் பிரிவு. மூன்றாம் பிரிவு, அரசனுக்கு இரத்த வழியிலோ மண வழியிலோ உறவான ஆண்கள் அனைவரும் பகைவர் என்றும், அனுமதியின்றி அவர்கள் மலைநாட்டில் காலடி வைத்தால் இராணுவச் சட்டம் பாயும் என்றும் கூறுகிறது. வெளியேற்றப்பட்ட மற்ற 'மலபார்' ஆண்களும் திரும்பக்கூடாது. மலபார் என்பதைக் கேரளம் என்று இன்றைய வாசகர் மயங்க வேண்டாம். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் அச்சொல்லால் குறித்தனர். வடுகர் என்றோ நாயக்கர் என்றோ நுணுக்கமாகப் பிரித்தறிய ஆளுநர் பிரவுன்ரிக்குக்குத் தேவையும் இல்லை, பொறுமையும் இல்லை.

இவ்வாறு அறிவித்த தாளின் அடியில் கையொப்பமிட்ட கண்டிப் பிரபுக்கள் சிலருடைய கையெழுத்தில் தமிழ் எழுத்துகள் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர். மலபார் இனத்தின் உரிமையை ஒழிக்கும் ஆவணத்தில் மலபார் எழுத்தில் ஒப்பம்! இதை வைத்து அவர்கள் தமிழர் என்று வாதிடுவோரும் உண்டு. அது மிகை. அரசவையில் இரண்டு மூன்று மொழிகள் புழங்கின. கற்றவன் கை இரண்டு எழுத்திலும் ஓடியது. குப்பத்தில் இன்றும் தமிழ்ப் பேச்சைத் தெலுங்கு எழுத்தில் குறித்து வைக்கும் கடைக்காரர்களைக் காட்ட முடியும். அவர்கள் எந்த இனம் என்று அந்தக் கணக்கேட்டை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை.

அந்நியன் என்ற சொல் குடிகள் மனத்தில் எவ்வளவு ஆழமாக இருந்தது? இதற்கு 1817–18 ஊவா வெல்லச கிளர்ச்சி ஒரு விடை தருகிறது. ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த மக்கள் யாரை அரசனாக முன்னிறுத்தினர் தெரியுமா? துரைசாமி என்பவனை. அரசகுலத்து நாயக்கர் உறவினன் நான் என்று அவன் சொன்னான், மக்கள் திரண்டனர். கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய கெப்பிட்டிபொல திசாவையே படையோடு அவன் பக்கம் சேர்ந்தார். பின்னர் அவன் வில்பாவ என்ற ஊரைச் சேர்ந்த முன்னாள் பிக்கு என்பதும், நாயக்கர் இரத்தம் அவனிடம் ஒரு துளியும் இல்லை என்பதும் தெரிந்தன. என் வாதத்துக்கு அந்தப் பொய்யே போதும். சிங்களக் குடியில் பிறந்த ஒருவன், சிங்களக் குடிகளைத் திரட்ட, நாயக்கர் வேடம் போட வேண்டியிருந்தது. உடன்படிக்கை 'ஒழித்துவிட்டது' என்று அறிவித்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. கெப்பிட்டிபொல 1818 நவம்பர் 26 அன்று தலை வெட்டப்பட்டார். அவருடைய மண்டையோடு எடின்பரோவுக்கு எடுத்துச் செல்லப்பட்டு, 1954இல்தான் கண்டிக்குத் திரும்பியது. தலதா மாளிகைக்கு முன்னுள்ள திடலில் அவர் நினைவுத்தூண் நிற்கிறது. பெரும்பாலோர் அதன் நிழலில் அமர்ந்து காலணியைக் கழற்றிப் பைக்குள் வைக்கின்றனர்.

கண்டியிலிருந்து ஒரு நாளைத் தும்பறைப் பள்ளத்தாக்குக்கு ஒதுக்குங்கள். தெல்தெனிய வழியே மெதமகாநுவர செல்லும் சாலையில், விக்டோரியா நீர்த்தேக்கம் கீழே விரிந்து கிடக்கும். 1980களில் மகாவலியை அணைகட்டித் தடுத்தபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. நீர் வற்றும் கோடைகளில் பழைய ஊரின் மிச்சங்கள் வெளித்தெரியும் என்பர். வடக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர். மூடிய கையின் விரல்மூட்டுகளைப் போலிருப்பதால் ஆங்கில நில அளவையாளர் சூட்டிய பெயர்; 2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இதுவும் அடங்கியது. பனிக்காடுகள், ஏலக்காய் வாசனை, திடீரென்று வரும் மழை. இந்தப் பக்கம்தான் 1815 பிப்ரவரியில் அரசன் இரண்டு அரசியரோடு ஒளிந்திருந்தான். பிப்ரவரி 18 அன்று ஒரு வீட்டில் சூழப்பட்டுப் பிடிபட்டான். பிடித்தவர்கள் ஆங்கிலச் சிப்பாய்கள் அல்லர். எஹெலப்பொல பக்கத்துக் கண்டியரே. கட்டி இழுத்து அவமானப்படுத்தினர். பின்னர் வந்து பொறுப்பேற்ற ஜோன் டொய்லி அரசனுக்குரிய மரியாதையோடு நடத்தி, பல்லக்கில் அனுப்பினார். டொய்லி சிங்களமும் பாலியும் கற்றவர். பல ஆண்டுகளாக ஒற்றர்களை வைத்துப் பிரபுக்களைப் பிரித்தவரும் அவரே. பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. நான் சென்ற நாளில் அங்கு வேறு பயணிகள் எவரும் இல்லை.

பிறகு பதுளை வரையிலான மலைத் தொடர்வண்டி. உலகம் முழுவதும் இதன் படங்களைக் கண்டிருப்பீர்கள்: நீல வண்டி, வாசலில் தொங்கும் வெளிநாட்டு இளைஞர், பின்னால் பச்சைப் போர்வையாகத் தேயிலை. பட்டிப்பொல அருகே பாதை ஏறத்தாழ 6200 அடி உயரத்தை எட்டுகிறது. அங்கிருந்து இறங்கினால் ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியும் மறிமான்களும் 'உலக முடிவு' என்ற செங்குத்துச் சரிவும். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வழிநெடுகக் காணும் அந்தப் பச்சையை இயற்கை என்று எழுதும் பயணக்குறிப்புகளைக் கண்டால் எனக்குச் சினம் வரும். அது காடு அழித்த பச்சை. 1820களில் கம்பளைப் பக்கமும் பேராதனைக்கு எதிரே கன்னொறுவையிலும் காப்பி நட்டனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

இங்கே மீண்டும் அந்த மூன்றாம் பிரிவை எண்ணிப் பாருங்கள். மலபார் ஆண்கள் மலைநாட்டில் நுழைந்தால் தண்டனை என்று 1815இல் எழுதிய அதே ஆங்கில அரசின் காலத்தில்தான், சில பத்தாண்டுகளுக்குள், தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய் 'மலபார் கூலிகள்' மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடத்திக் கொண்டுவரப்பட்டனர். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர் எத்தனையோ பேர். ஆளவந்த மலபாருக்குத் தடை. கூலிக்கு வந்த மலபாருக்குப் பாதை. அவர்களின் வழித்தோன்றல்களைத்தான் 1948இன் குடியுரிமைச் சட்டம் ஒரே வீச்சில் நாடற்றவராக்கியது. அதே ஆண்டு சுதந்திர இலங்கை ஏற்றிய கொடியில் வாளேந்திய சிங்கம் எங்கிருந்து வந்தது? கண்டியின் கடைசி அரசனிடமிருந்து கைப்பற்றிய கொடியிலிருந்து. நான் இதை ஒரு சொற்பொழிவில் கேட்டிருந்தால் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைத்திருப்பேன். நானு ஓயா நிலையத்தில் கொழுந்துக்கூடையோடு நின்ற பெண்ணொருவர் என் பேச்சைக் கேட்டு, "எந்த ஊரு பக்கம் தம்பி?" என்றபோது, வட ஆர்க்காடு என்று பழைய பெயரையே சொன்னேன். அவர்க்கு அது புரிந்தது. ஆந்திரம் என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்குமா என்பது ஐயம்.

கொழும்பில் விமானத்துக்கு அரைநாள் இருந்தது. தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரியணையைப் பார்த்தேன். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பரிசு. கைப்பிடிகளில் இரு சிங்கங்கள், பொற்தகடு, சிவப்புப் பட்டு. சிங்கள அரசரும் நாயக்க அரசர் நால்வரும் அமர்ந்த ஒரே இருக்கை. 1815க்குப்பின் விண்ட்சர் கோட்டைக்குப் போய், 1934இல் குளோஸ்டர் கோமகன் கையால் திரும்பியது.

அமர்ந்தவன் திரும்பவில்லை. 1816 ஜனவரி 24 அன்று கொழும்பில் 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பலில் அரசனையும் குடும்பத்தையும் சுற்றத்தாரையும் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பினர்; அங்கிருந்து வேலூர்க் கோட்டை. ஏற்கெனவே திப்புவின் மக்களை வைத்திருந்த கோட்டை அது. 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப்பின் அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றியிருந்தனர். கோட்டைக்குள் கண்டி மகால் என்ற கட்டடம் இன்றும் அப்பெயரோடு நிற்கிறது. ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு வருவோர் அதைக் கடந்து செல்கின்றனர். 16 ஆண்டுகள் அவன் அங்கே வாழ்ந்தான். வெட்டிய ஏரியையும் கட்டிய எண்கோணத்தையும் மறுபடி காணவில்லை.

கண்டியில் எனக்கு முச்சக்கர வண்டி ஓட்டியவர் சிங்களவர். சந்தையில் பழகிய தமிழ் நன்றாகப் பேசினார். ஊர் எது என்று கேட்டார். குடுபல்லி என்றால் தெரியாது, வேலூர்ப் பக்கம் என்றேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அவருடைய மாமா இருதய சிகிச்சைக்காக வேலூர் சென்று ஒரு மாதம் தங்கியவராம். நடக்கத் தொடங்கிய முதல் வாரமே ஆட்டோ பிடித்து "நம்ம ராஜாவோட கல்லறைக்கு" ஒரு மலர்த்தட்டோடு போனாராம். 'நம்ம ராஜா' என்ற சொல்லை அவர் எந்த அழுத்தமும் இல்லாமல் சொன்னார். நான் வாதம் எதுவும் செய்யவில்லை. ஊருக்குப் போனதும் படமெடுத்து அனுப்புங்கள் தம்பி, மாமாவுக்குக் காட்ட வேண்டும் என்றார்.

சென்ற ஜனவரி 30 அன்று சென்று எடுத்து அனுப்பினேன். பெரிய கூட்டமில்லை. வேலூர் செல்லும் நண்பர்களுக்காக: காட்பாடி நிலையத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்ததும் ஆற்றங்கரையிலேயே மண்டபம், ஆட்டோக்காரர்களிடம் முத்து மண்டபம் என்று கேட்டால் போதும், கண்டி ராஜா என்றாலும் சிலருக்குத் தெரிகிறது. காலையிலேயே போங்கள். கோட்டையையும் கண்டி மகாலையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.